‘ஜெய் பீம்’ காட்டிய ஏடும் காட்டாத ஏடும்

ஒருவன் சிறைப்பட்டிருக்கிறான் என்பது அவன் குடும்பத்துக்குத் துயரம். அவன் எங்கே அடைபட்டிருக்கிறான் என்பதே தெரியவில்லை என்பது அதனினும் பெரிய துயரம். முன்னதற்கு முறையீடு உண்டு; வழக்குரைஞர் உண்டு; வாரமொரு முறை கம்பிக்கு அப்பால் முகம் பார்க்கும் ஆறுதலேனும் உண்டு. பின்னதற்கோ எந்த வாயிலில் நின்று முறையிடுவது என்பதே தெரியாது. தமிழில் சிறையைப் பற்றிய எழுத்தும் திரைப்படமும் பெரும்பாலும் முதல் துயரத்தையே பாடியிருக்கின்றன. இரண்டாவதைத் தொட்டவை மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்று, த.செ. ஞானவேல் இயக்கத்தில் 2021 நவம்பரில் வெளிவந்த ‘ஜெய் பீம்’.

அப்படத்தைப் பற்றிப் புகழுரைகளும் பூசல்களும் போதுமான அளவுக்கு எழுந்து ஓய்ந்துவிட்டன. அவற்றைத் திரும்ப எடுத்தோதுவது நம் நோக்கமன்று. காணாமற்போன கைதியைத் தேடும் கதை இது என்ற ஒரே கோணத்தில் அதனை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் கருத்து. நெய்வேலி நகரியத்தில் வாழ்பவர்களுக்கு அதில் தனியக்கறை இருக்கவும் நியாயமுண்டு. ஏனெனில் அக்கதையின் மண் நம் அண்டை மண்.

படத்துக்கு அடித்தளமான நிகழ்ச்சி 1993 மார்ச்சில் நடந்தது. அப்போதைய தென்னார்க்காடு மாவட்டத்தில், நம் நகரியத்துக்கு அண்மையிலுள்ள முதனை என்னும் ஊரைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ராஜாக்கண்ணு. நகைத் திருட்டு ஒன்றின் பேரில் அவரைக் கம்மாபுரம் காவல் நிலையத்தார் பிடித்துச் சென்றனர். பிறகு அவரைக் காணோம். காவலிலிருந்து தப்பியோடிவிட்டார் என்றது காவல் நிலையம். அவருடைய மனைவி அதை நம்பவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. பின்னாளில் அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்த கே. சந்துரு அன்று அவருக்காக வாதாடிய வழக்குரைஞர். விசாரணை முற்றியபோது உண்மை வெளிப்பட்டது. கம்மாபுரத்தாரால் தேடப்பட்டவர் அடையாளம் தெரியாத பிணமாக, அன்று திருச்சி மாவட்டத்திலும் இன்று அரியலூர் மாவட்டத்திலும் அடங்கிய மீன்சுருட்டிக் காவல் எல்லைக்குள் கிடந்திருந்தார். வழக்கு நெடுநாள் நீண்டு, 2006-இல் காவலர்கள் தண்டிக்கப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியின் உள்ளே இருக்கும் கொடுமையை நேயர்கள் ஊன்றி நோக்க வேண்டும். ஒரு காவல் நிலையத்தின் ஏட்டில் ‘தப்பியோடியவர்’ என்று ஒரு பெயர் இருந்தது. இன்னொரு காவல் நிலையத்தின் ஏட்டில் பெயரில்லாத ஓர் உடல் இருந்தது. இரண்டும் ஒரே அரசின் ஏடுகள். இடையில் இருந்தது ஒரு மாவட்ட எல்லை. அவ்விரு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கடமை யாருக்கும் இல்லாமற்போயிற்று. உயர்நீதிமன்றம் வரை போன பிறகே அவை இரண்டும் ஒரே மனிதனைப் பற்றியவை என்று தெரிந்தது. ராஜாக்கண்ணுவை அடித்தது கை, மறைத்தது ஏடு.

இனிப் படத்துக்கு வருவோம்.

படத்தின் தொடக்கக் காட்சியே அதன் உயரத்தைக் காட்டிவிடுகிறது. சிறை வாயிலில் விடுதலையாகி வெளிவருவோரைச் சாதி கேட்டுப் பிரிக்கிறார்கள். ஒரு சாரார் வீட்டுக்குப் போகிறார்கள். எளியோரான மறு சாரார், தீராத வழக்குகளைத் தீர்த்துக்காட்ட விரும்பும் காவலர்களிடம் ஒப்படைக்கப்படுகிறார்கள். சிறையின் பதிவேட்டில் அவர்கள் ‘விடுதலை’ ஆனவர்கள். உண்மையில் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு மாற்றப்பட்டவர்கள். பதிவேடு பொய் சொல்லாமலேயே பொய்யாக முடியும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய காட்சி தமிழ்த் திரையில் அரிது.

கதையின் நடுப்பகுதியும் பெரிதும் ஏடுகளின் வேட்டையே. தொலைபேசி அழைப்பு எங்கிருந்து வந்தது என்ற பதிவைத் தேடுகிறார்கள். உடன் பிடிபட்ட இருவர் அண்டை மாநிலச் சிறையொன்றில் அடைபட்டிருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். அடையாளம் தெரியாத பிணத்தின் புகைப்படத்தைத் தேடி எடுக்கிறார்கள். அந்தப் புகைப்படத்தை மனைவி பார்க்கும் இடத்தில் படம் தன் உச்சத்தைத் தொடுகிறது. அடியும் உதையும் காட்டும் நீண்ட காட்சிகளைவிட அந்த ஒரு தாள் நம்மை ஆழமாகத் தைக்கிறது. கேரளத்து ராஜன் வழக்கு படத்தில் முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்படுவதும் பொருத்தமே. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச்சில், கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் பிடித்துச் செல்லப்பட்டார். தந்தை ஈச்சர வாரியர் அதிகாரிகளின் வாயில்தோறும் ஏறி இறங்கினார். அப்படி ஒருவரைக் கைது செய்யவேயில்லை என்றே அரசு சாதித்தது. 1977-இல் உயர்நீதிமன்றத்தில் அது பொய்யென்று தெளிந்தபோது, முதலமைச்சர் கருணாகரன் பதவி துறக்க நேர்ந்தது. மகனின் உடல் மட்டும் தந்தைக்குக் கிட்டவேயில்லை.

இவ்வளவும் படத்தின் சிறப்பு. நம் குறை இனித்தான்.

முதற்குறை சிறியது போலத் தோன்றுவது. உண்மையில் பிணம் கிடந்தது பக்கத்து மாவட்டத்தில். படத்தில் அது புதுச்சேரி எல்லைக்கு மாற்றப்பட்டுவிட்டது. கதையைச் சுவைப்படுத்த இயக்குநருக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் இம்மாற்றத்தால் ஒரு பேருண்மை கைநழுவிப் போகிறது. வேறோர் ஆட்சியின் எல்லைக்குள் பிணத்தைப் போட்டால் கண்டுபிடிப்பது கடினம் என்பது யாரும் ஏற்கும் செய்தி. ஒரே ஆட்சியின் இரு நிலையங்களுக்கு இடையிலேயே ஒரு மனிதன் தொலைந்துபோக முடியும் என்பதன்றோ நம்மை நடுங்கவைக்க வேண்டிய செய்தி? படம் எளிய அதிர்ச்சியை எடுத்துக்கொண்டு அரிய அதிர்ச்சியை விட்டுவிட்டது.

இரண்டாவது குறை பெயரைப் பற்றியது. உண்மையில் பாதிக்கப்பட்டவர் குறவர் குலத்தவர். படத்தில் அவர் இருளராக்கப்பட்டார். இருளர் மக்களின் அவலமும் சொல்லப்பட வேண்டியதே, அதில் ஐயமில்லை. ஆயினும், அடையாளம் அழிக்கப்பட்ட ஒருவனுக்கு அடையாளத்தை மீட்டுத் தரும் கதையில், அவனுடைய இயற்பெயரை வைத்துக்கொண்டு குலப்பெயரை மட்டும் மாற்றியது நெருடுகிறது. காவல் நிலையத்து ஏட்டின் பிழையைச் சுட்டும் கலை, தன் ஏட்டிலும் அந்தக் கவனத்தைக் காட்டியிருக்கலாம்.

மூன்றாவதே தலையாய குறை. படத்தில் ஏடு என்பது வழக்குரைஞரின் கூர்மதிக்குக் கிடைக்கும் புதையல். அவர் அறிவால் தோண்டுகிறார்; துணிவால் எடுக்கிறார்; நாம் கைதட்டுகிறோம். ஆனால் கைதானவரின் பெயர் புதையலாக இருக்க வேண்டிய பொருளா? அது வாயிற்பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டிய ஒன்று. கருவுற்ற மனைவி நிலைய வாயிலில் நின்று கேட்ட மாத்திரத்தில் கிடைத்திருக்க வேண்டிய விடையைப் பெற, ஒரு பேரறிவாளர் தேவைப்பட்டார் என்பதுதான் அநீதியின் சாரம். படமோ அப்பேரறிவாளரின் பெருமையில் மனநிறைவு கொள்கிறது. ‘நல்ல வழக்குரைஞர் கிடைத்தால் நீதி கிடைக்கும்’ என்ற ஆறுதலோடு நாம் எழுந்து போகிறோம். நல்ல வழக்குரைஞர் கிடைக்காத ஆயிரம் பேருக்கு என்ன வழி என்ற கேள்வி நம்மோடு எழுந்து வருவதில்லை.

பெயர் தெரிந்தவர் சிறைப்படுவதற்கும் பெயர் தெரியாதவர் சிறைப்படுவதற்கும் உள்ள வேற்றுமைக்கு நம் மாவட்டத்திலேயே சான்றுண்டு. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதியார் கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். அவர் எங்கே இருக்கிறார் என்பது வெளியுலகுக்குத் தெரிந்திருந்தது. நண்பர்களும் பெரியோர்களும் முயன்றனர். டிசம்பரில் அவர் வெளியே வந்துவிட்டார். அன்னியர் ஆட்சியில் கவிஞனுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, சுதந்திர நாட்டில் முதனைத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. இருவருக்கும் இடையே நின்ற வேற்றுமை, ஊரறிந்த பெயர் ஒன்றே.

இவ்விடத்தில் நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் சட்ட நூல்களை நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலிலும், ஹனஃபீ மத்ஹபின் ‘அல்ஹிதாயா’விலும், புதிதாகப் பொறுப்பேற்கும் காழி செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் பகுதி உண்டு. அவர் வந்ததும் சிறையிலிருப்போரின் நிலையை ஆராய வேண்டும். யார், எதற்காக, யாருடைய வழக்கின் பேரில் அடைபட்டிருக்கிறார் என்று ஒவ்வொருவராகக் கேட்டறிய வேண்டும். ‘நான் அநியாயமாக அடைக்கப்பட்டேன்’ என்பவரின் எதிர்வழக்காளி வந்து சான்று காட்ட வேண்டும். பதவி நீங்கிய காழி ‘இவன் குற்றவாளிதான்’ என்று வெறும் வாய்ச்சொல்லாகச் சொன்னால், சான்றின்றி அது ஏற்கப்படாது என்கிறது ஹிதாயா. கைதியைப் பற்றி ஊரறியப் பறைசாற்றவும் அது கூறுகிறது. நேயர்கள் இதன் நுட்பத்தைக் காண வேண்டும். அடைத்தவரின் சொல் மட்டும் போதாது. வெளியே உள்ளவர்கள் வந்து பேச வாய்ப்பளிக்க வேண்டும். அதற்கு முதற்படி, உள்ளே இருப்பவர் யார் என்று வெளியே தெரிவது.

ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாக இருந்து ஹிஜ்ரி 182-இல் மறைந்த இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) தம் ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கைதிகளுக்கு ரொட்டியாகக் கொடுத்தால் காவலர் தின்றுவிடுவர்; ஆகவே மாதப்படியைப் பணமாகக் கொடுக்க வேண்டும்; நம்பிக்கைக்குரிய ஒருவர் கைதிகளின் பெயர்ப் பட்டியலைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, அவரவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவர் கலீபாவுக்கு வழங்கிய அறிவுரை. சிறையில் மாண்ட ஆதரவற்றவரைப் பொதுநிதியிலிருந்து குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழவைத்து அடக்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். கைதிகளின் நிலையைக் கவனிப்பார் இல்லாமையால்தான் சிறைகள் நிரம்புகின்றன என்பதும் அவர் கண்ட உண்மை. மாதந்தோறும் பெயர் சொல்லி அழைக்கப்படும் இடத்தில் எவனும் சத்தமின்றி மறைந்துபோக முடியாது. பெயர்ப் பட்டியல் அங்கே உணவுக்கும் கணக்கு, உயிருக்கும் கணக்கு.

இது பழம்பெருமை பேசுவதற்காகச் சொல்லப்பட்டதன்று. அக்கால ஆட்சிகள் எல்லாம் இதைப் பின்பற்றின என்று நாம் கூற வரவில்லை. பின்பற்றியிருந்தால் இமாம் அதை வற்புறுத்தி எழுத நேர்ந்திராது. கைதியின் பெயர் வெளியே தெரிய வேண்டும் என்பது புதுமைக் கோரிக்கையன்று, நீதியைப் பற்றிய மிகப் பழைய அறிவு என்பதைக் காட்டவே சொன்னோம்.

நம் நாட்டுச் சட்டமும் காலந்தாழ்த்தியேனும் அவ்விடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1996 டிசம்பர் 18-ஆம் நாள் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். அதில் சாட்சி கையொப்பமிட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி சொல்லப்பட வேண்டும். கைது பற்றிய செய்தி 12 மணி நேரத்துக்குள் காவல் கட்டுப்பாட்டு அறைக்குச் சென்று அங்குள்ள அறிவிப்புப் பலகையில் இடம்பெற வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. பின்னர்க் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41-சி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு 2010 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தைப் புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு பெற்றிருக்கிறது. கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ள ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஓர் அதிகாரி குறிக்கப்பட வேண்டும். நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் அவை கண்ணில் படும்படி, கணினி வழியாகவும் காட்டப்பட வேண்டும் என்பது அதன் கட்டளை. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலோ, ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவல் 48 மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும் என்ற விதி இருக்கிறது.

எழுத்தில் இவ்வளவு இருந்தும் நடைமுறை என்னவாயிற்று என்பதற்கும் நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. 2020 அக்டோபர் இறுதியில் காடாம்புலியூரைச் சேர்ந்த முந்திரி வியாபாரி ஒருவர் நெய்வேலி நகரியக் காவல்துறையினரால் கைது செய்யப்பட்டு, விருத்தாசலம் கிளைச் சிறையில் வைக்கப்பட்டு, நவம்பர் 4-இல் உயிரிழந்தார். காவலில் துன்புறுத்தப்பட்டார் என்று குடும்பத்தார் குற்றஞ்சாட்டினர், காவல்துறை மறுத்தது, விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் சென்றது. யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புக் கூற நாம் நீதிமன்றமல்லோம். ஆனால் ராஜாக்கண்ணுவின் காலத்துக்கு 27 ஆண்டுகளுக்குப் பின்னும், அதே வட்டாரத்தில், ஒருவர் எந்த நாளில், எந்த மணியில், யார் கையில், எந்த உடல்நிலையில் இருந்தார் என்பதே சச்சரவுக்குரிய பொருளாக இருந்தது. ஒழுங்காக எழுதப்பட்டு, உடனுக்குடன் திறந்து காட்டப்படும் பதிவேடு குடும்பத்துக்கு மட்டும் அரணன்று. நேர்மையான காவலருக்கும் அதுவே சாட்சி.

நாடு முழுமைக்கும் கணக்கு இல்லாமல் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சிறைப் புள்ளிவிவரங்களை ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. 2022-ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர் என்றும், அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்றும் அது கூறுகிறது. அதாவது நால்வரில் மூவர் குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். இந்நூல் பயனுடையது; மறுப்பதற்கில்லை. ஆனால் அதைப் புரட்டும் தாய்க்குத் தன் மகன் அந்த 4,34,302-இல் ஒருவனா என்பது தெரியாது. தொகையை அறிவது ஆட்சிக்குப் போதும். பெயரை அறிவதே குடும்பத்துக்கு வேண்டும்.

நெய்வேலி நகரியம் எண்ணால் இயங்கும் ஊர். இங்கே வீட்டுக்கு வட்ட எண் உண்டு. தொழிலாளிக்குப் பணி எண் உண்டு. சுரங்கத்திலிருந்து மேலே வரும் பழுப்பு நிலக்கரி டன் கணக்கில் எழுதப்படுகிறது. 1956-இல் நிறுவனம் தோன்றிய நாள்முதல் அந்த ஒழுங்கு இருந்து வருகிறது. மண்ணுக்குள்ளிருந்து எடுக்கும் கரிக்கு இவ்வளவு துல்லியமான கணக்கு எழுதத் தெரிந்த நாட்டுக்கு, வீட்டுக்குள்ளிருந்து அழைத்துச் செல்லப்படும் மனிதனுக்குக் கணக்கு எழுதத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? தெரியாமையன்று, வேண்டாமை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கைதானவரின் பெயரை ஊரறியக் காட்டினால் மானக்கேடு ஆகாதா? குறைகளை மறைத்தல் நம் மார்க்கம் போற்றும் பண்பன்றோ? நியாயமான கேள்வியே. அமெரிக்காவில் மாவட்டச் சிறைகள் பல, கைதிகளின் பெயரையும் புகைப்படத்தையும் எவரும் காணும்படி வெளியிடுகின்றன. அதனால் குடும்பங்கள் தம் ஆளை எளிதில் கண்டுபிடிக்கின்றன என்பது நன்மை. ஆனால் அப்புகைப்படங்களை அள்ளிச் சென்று பரப்பி, நீக்குவதற்குப் பணம் கேட்கும் வணிகமும் அங்கே கிளம்பியது. சில மாநிலங்கள் தனிச்சட்டம் இயற்றி அதைத் தடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே திறந்த ஏடு என்பதற்கும் தூற்றும் ஏடு என்பதற்கும் வேற்றுமை காண வேண்டும். கைதின் நாள், இடம், அதிகாரி, வழக்கு எண், அடைபட்ட சிறை ஆகியவை காக்கும் செய்திகள். குற்றவாளி என்ற தலைப்போடு போடப்படும் முகப்படம் தூற்றும் செய்தி. முன்னதைக் கேட்பது உரிமை. பின்னதைத் தவிர்ப்பது கண்ணியம். குறையை மறைக்கச் சொன்ன மார்க்கம், ஆளை மறைக்கச் சொல்லவில்லை.

நம் குடும்பங்கள் இதில் இன்னும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளையைக் காவலர் அழைத்துச் சென்றால், அக்கம்பக்கத்தார் அறிந்துவிடுவார்களோ என்ற நாணத்தில் முதல் நாளை வீட்டுக்குள்ளேயே கழித்துவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்த முதல் நாளே விலைமதிப்பற்றது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவு. ஆகவே நிலையத்துக்குப் போய்ப் பலகையைப் பார்க்க வேண்டும். பொறுப்பதிகாரி யாரென்று கேட்க வேண்டும். இல்லையென்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கேட்க வேண்டும். நடுவர் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். விருத்தாசலம் கிளைச் சிறை, கடலூர் மத்தியச் சிறை என்று வாயில்களைக் கேட்க வேண்டும். கட்டணமின்றி வழக்குரைஞரைத் தர மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. கேட்ட நாளையும் நேரத்தையும், விடை சொன்னவரின் பதவியையும் நாமும் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். அவர்கள் ஏடு பேசாதபோது நம் ஏடு பேசும். ஜமாஅத்துகள் திருமணப் பதிவேட்டையும் அடக்கத்தலப் பதிவேட்டையும் பேணுவதுபோல, இவ்வழிகளை அறிந்த இருவரையேனும் மஹல்லாதோறும் ஆயத்தமாக வைத்திருப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

‘ஜெய் பீம்’ படத்தின் இறுதியில் ராஜாக்கண்ணுவின் சிறுமகள் வழக்குரைஞரின் எதிரே நாற்காலியில் அமர்ந்து, காலின்மேல் கால் போட்டுச் செய்தித்தாளை எடுத்து விரிக்கிறாள். அழகிய முடிவு, மக்கள் மனத்தில் நின்ற முடிவு. அச்சிறுமி எழுத்தறிந்து நிமிர்கிறாள் என்பது அதன் பொருள். ஆனால் கதையின் நீதி நிறைவு பெற அவள் படிக்க வேண்டிய இடம் வேறொன்று. காவல் நிலையத்தின் வாயிலில், எவரிடமும் கெஞ்சாமல், நின்ற நிலையிலேயே ஒரு பலகையில் தன் தந்தையின் பெயரை அவள் படிக்க முடிய வேண்டும். அக்காட்சியை இயக்குநர் எடுக்கவில்லை. அதை நாட்டில் நடத்திக் காட்டும் பொறுப்பு சட்டத்துக்கும், அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு நமக்கும் எஞ்சியிருக்கிறது.